ஓய்வுக்குப் பின் ஒரு கூரை

முதுமையில் மனிதருக்கு வேண்டுவன பல என்று கூறப்பட்டாலும், அவற்றுள் முதன்மையானவை இரண்டே: மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, வேளைக்கு ஒரு பிடி உணவு. அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது. கிராமத்துக் கமக்காரருக்குப் பெரும்பாலும் ஒரு துண்டு நிலமும் அதன்மேல் ஒரு வீடும் இருக்கின்றன. தேயிலைத் தோட்டத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்து ஒதுங்கும் தொழிலாளிக்கோ மாத ஓய்வூதியமும் இல்லை. குடியிருக்கும் காம்பராவும் அவருக்குச் சொந்தமன்று. அவர் கைக்கு வருவது ஒரே ஒரு முறை கிடைக்கும் ஒரு தொகை. அத்தொகையைக் கொண்டு எஞ்சிய ஆயுளை எவ்வாறு நடத்துவது என்னும் கேள்வி, ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் ஆண்டுதோறும் பல குடும்பங்களின் வாசலில் வந்து நிற்கிறது.

பசறை, லுணுகலை, மடூல்சீமை, நமுனுகுலை, ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பூனாகலை, கொஸ்லாந்தை என்று பதுளை மாவட்டத்தின் எப்பக்கம் சென்றாலும் தேயிலை மலைகள் உண்டு. 1890ஆம் ஆண்டளவில் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையில் தொழிற்சாலை அமைத்தார். 1924இல் இரயில் பாதை பதுளையை வந்தடைந்தது. ஆடி, ஆவணி மாதங்களின் வறண்ட காற்றில் விளையும் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களின் முதுமையைப் பற்றி அவ்வளவு பேர் பேசுவதில்லை.

தோட்டத்தில் ஓய்வு பெறுவதற்கு மக்கள் வழங்கும் சொல் 'பேர் வெட்டுதல்' என்பது. செக்ரோல் எனப்படும் சம்பளப் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்குவதையே அது குறிக்கும். அச்சொல்லில் ஒரு கசப்பு இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. நகரத்தில் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வேலை மட்டுமே போகிறது. தோட்டத்திலோ வேலை, வீடு, பீலித் தண்ணீர், தோட்ட மருந்தகம், பிள்ளைக் காம்பரா, சம்பளத்தில் கழித்துக்கொள்ளத்தக்க முற்பணம் ஆகிய யாவும் அந்த ஒரு பெயரைப் பற்றியே தொங்கிக்கொண்டிருந்தன. பெயர் நீங்கியதும் உடனே யாரும் வந்து பானை சட்டிகளை வெளியே எறிவதில்லை. மகனோ மகளோ மருமகளோ பதிவில் இருந்தால் குடும்பம் அதே காம்பராவில் தொடர்ந்து இருக்கும். ஆயினும் முதியவர் அன்றுமுதல் அந்த வீட்டில் பிள்ளையின் பெயரால் இருப்பவர் ஆகிறார். கொழும்பிலே கடை வேலைக்குப் போக விரும்பும் மகனை, 'நீயும் போய்விட்டால் காம்பரா யார் பெயரில் இருக்கும்?' என்று தாய் தடுப்பதன் பொருள் இதுதான். வெளியிலிருந்து பார்ப்போர் அதைப் பாசம் என்றும் பழமைப் பிடிவாதம் என்றும் எண்ணுவர். உண்மையில் அது வீட்டு வாடகையாகப் பிள்ளையின் எதிர்காலத்தைக் கொடுக்கும் ஏற்பாடு.

இந்நிலை எவ்வாறு வந்தது என்பதைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்ளுதல் நன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து வந்த தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினை 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களாலேயே முடிவுக்கு வந்தது. இதற்கிடையில் 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, அதன்மேல் மூன்று, நான்கு தலைமுறையாய்க் குடியிருப்பவருக்கோ எழுத்தில் எதுவும் இல்லை. காணி கைமாறிய காலத்தில் அவர்களிற் பலர் குடிமக்களே அல்லர். ஆதலால் உரிமை கேட்பதற்கு வேண்டிய முதற்படியே அவர்களுக்கு இல்லாதிருந்தது.

இனிப் பணத்தின் பக்கத்தைப் பார்க்கலாம். ஓய்வு பெறும் தொழிலாளிக்குச் சட்டப்படி வரவேண்டிய தொகைகள் மூன்று.

முதலாவது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் தோன்றிய இந்நிதிக்கு இன்று தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதமும் தொழில் கொள்வோரிடமிருந்து 12 வீதமும் சேர்கின்றன. இரண்டாவது 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழில் கொள்வோர் மட்டும் 3 வீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. மூன்றாவது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வழங்கும் பணிக்கொடை. மலையகத்தில் இதனைச் 'சேவைக்காலப் பணம்' என்பர். பதினைந்து பேருக்குக் குறையாமல் தொழிலாளர் உள்ள இடத்தில் ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் அவர் இறுதியாகப் பெற்ற சம்பள விகிதத்தில் கொடுக்கப்பட வேண்டும். வேலை முடிந்த 30 நாட்களுக்குள் கொடுக்கத் தவறினால், தாமதத்தின் அளவுக்கேற்ப 10 வீதம் முதல் 30 வீதம் வரை மேலதிகமாகச் செலுத்த வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. இந்த இறுதி விதியைத் தோட்டங்களில் அறிந்தவர் மிகச் சிலர்.

சேமலாப நிதியும் பணிக்கொடையும் ஒன்றுபோலத் தோன்றினும் இரண்டின் இயல்பும் வேறு வேறு. சேமலாப நிதி, உழைத்த காலத்தின் சம்பளத்தை ஒட்டியது. 2009இல் கூட்டு ஒப்பந்தத்தின்படி அடிப்படை நாட்சம்பளம் 285 ரூபா. அதன் 20 வீதம் 57 ரூபா. மாதத்தில் 20 நாள் வேலை என்று கொண்டால் நிதிக்குச் சேர்ந்தது 1,140 ரூபா. 2013இல் அடிப்படைச் சம்பளம் 450, 2016இல் 500, 2019இல் 700 என்று உயர்ந்தபோது சேரும் தொகையும் உயர்ந்தது. எனினும் முந்திய ஆண்டுகளில் சேர்ந்தது சேர்ந்ததுதான். அதற்கு ஆண்டுதோறும் வட்டி உண்டு. ஆயின் வட்டி, விலையோடு ஓட வேண்டுமல்லவா? 2022ஆம் ஆண்டுக்கு நிதி வழங்கிய வட்டி 9 வீதம். அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முந்திய செப்டெம்பரைவிட ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தது. உணவுப் பொருள்களின் விலையோ ஏறத்தாழ 95 வீதம். ஓர் இலட்சம் ரூபா வைத்திருந்தவரிடம் ஓர் இலட்சத்து ஒன்பதாயிரம் இருந்தது. முன்பு ஓர் இலட்சத்துக்கு வாங்கிய பொருளுக்கு ஓர் இலட்சத்து எழுபதாயிரம் வேண்டியிருந்தது. பின்னர் 2023இல் 13 வீதமும் 2024இல் 11 வீதமும் வட்டி வழங்கப்பட்டன. அது நல்ல வட்டியே. எனினும் 2022இல் விழுந்த பள்ளத்தை அது நிரப்பிவிடவில்லை.

பணிக்கொடையின் கதை வேறு. அது இறுதிச் சம்பளத்தை ஒட்டியது. 2020இல் 700 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் முப்பது ஆண்டுச் சேவையோடு ஓய்வு பெற்றவருக்கு 14 நாள், 30 ஆண்டு, 700 ரூபா என்று பெருக்கினால் 2 இலட்சத்து 94 ஆயிரம் ரூபா. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ஆன பின்னர் அதே முப்பது ஆண்டுச் சேவையோடு ஓய்வு பெற்றவருக்கு 5 இலட்சத்து 67 ஆயிரம் ரூபா. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலே நாட்சம்பளத்தை 1,550 ஆக உயர்த்தும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. அவ்விகிதத்தில் தொகை 6 இலட்சத்து 51 ஆயிரம் ஆகும். ஒரே மலையில், ஒரே நிரையில், ஒரே அளவு காலம் கொழுந்து பறித்த இருவருள் ஒருவர் மற்றவரின் பாதித் தொகையோடு வீடு செல்கிறார். பெயர் வெட்டும் மாதத்தைத் தெரிவு செய்யும் உரிமை எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்றாலும், சம்பள உயர்வு அறிவிக்கப்பட்டுள்ள காலத்தில் சில வாரங்கள் பொறுத்திருக்கக் கூடியவர் பொறுத்திருப்பது பேராசையன்று. கணக்கு அறிந்த செயல்.

இவ்வாறு வரும் பணம் எங்கே செல்கிறது? பெரும்பாலும் அது வருமுன்னரே செலவழிந்து விடுகிறது. அடகுக் கடையிலே உள்ள தோடு, சங்கிலி, மகளின் கலியாணத்துக்கு வாங்கிய கடன், பேரனின் படிப்பு, கோயில் திருவிழாப் பங்கு. இவற்றுள் எதையும் வீண் செலவு என்று வெளியார் கூறிவிட முடியாது. ஆனால் இன்னுமொரு செலவு உண்டு. அதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். லயத்துக் காம்பராவின் அளவு பழைய கட்டடங்களில் ஏறத்தாழப் பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள் மூன்று தலைமுறை. கையிலே பணம் வந்ததும், பின்னால் கொங்கிறீற்றுக் கல்லிலே ஒரு குசினியும் பக்கத்தில் ஓர் அறையும் இழுத்துக்கட்டித் தகரம் போடுவதே பல முதியோரின் முதல் விருப்பம். ஒழுகும் கூரையின் கீழ் ஆயுள் முழுவதும் படுத்தவர் உலர்ந்த அறை ஒன்றில் கண்மூட விரும்புவதில் தவறேது? விருப்பம் நியாயமானது, இடமே பொருந்தாதது. அந்தச் சுவர் நிற்கும் நிலம் அவருடையதன்று. அதை விற்க முடியாது, வாடகைக்கு விட முடியாது, வங்கியில் ஈடு வைக்க முடியாது, பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது. புதிய வீட்டுத்திட்டம் வந்து குடும்பம் வேறிடம் பெயர்ந்தால் கல்லைக்கூடப் பெயர்த்துச் செல்ல இயலாது. முப்பது ஆண்டின் பணிக்கொடை அவ்வாறு மற்றொருவர் நிலத்தில் சுண்ணாம்பாய்ப் பூசப்படுகிறது. ஒழுக்கை அடைக்கத் தகரம் மாற்றுவது வேறு. ஓய்வுப் பணத்தின் பெரும்பகுதியை அங்கே கட்டிவைப்பது வேறு. முன்னது அவசியம். பின்னதற்கு முன் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: இக்காணிக்கு எழுத்து உண்டா?

எழுத்து வரும் வழி இப்போது முற்றாக அடைபட்டிருக்கவில்லை. 1992க்குப் பின் தோட்ட வீடமைப்புக்கென அமைந்த நிறுவனம் பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமாக விரிந்தது. அதன் பழைய திட்டங்கள் பலவற்றில் கடன் கொடுத்துச் சம்பளத்தில் மாதம் மாதம் கழிக்கும் முறை இருந்தது. 2015க்குப் பின் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்னும் கொள்கை வலுப்பெற்றது. ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. 550 சதுர அடியில் ஒரு வீடு எழுப்பி, எஞ்சிய இடத்தில் ஒரு முருங்கையும் நாலு பாத்தி கீரையும் ஒரு கோழிக்கூடும் வைக்கலாம். முதியவருக்கு அந்த எஞ்சிய இடமே பாதி வருமானம். இந்திய அரசின் உதவியோடு நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் முதலில் 4,000 வீடுகளும், 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் அறிவித்ததன்படி மேலும் 10,000 வீடுகளும் திட்டமிடப்பட்டன. 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கெனப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை தோன்றியது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையிலே நடந்த நிகழ்ச்சியில் இரண்டாயிரம் குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. மலையகத்தின் குடும்பத் தொகையோடு ஒப்பிடுகையில் இவை சிறு எண்ணிக்கைகளே. எனினும் ஒரு தலைமுறைக்கு முன் இவையும் இருக்கவில்லை.

பத்திரங்களிலும் வகை உண்டு. விழாவிலே கொடுக்கப்படும் கடிதம் ஒன்று. காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட உறுதி மற்றொன்று. முன்னது வீடு இன்னாருக்கு ஒதுக்கப்பட்டது என்று கூறும். பின்னதைக் கொண்டுதான் வங்கிக்குச் செல்லலாம், பிள்ளைக்கு எழுதலாம், வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் நிற்கலாம். கடிதம் பெற்றவர் உறுதி வரும்வரை பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொண்டே இருப்பது நன்று. உறுதி கணவன், மனைவி இருவர் பெயரிலும் அமைவது இன்னும் நன்று. கொழுந்து பறித்துச் சம்பளம் ஈட்டியவர் பெரும்பாலும் மனைவி. வீட்டுத் தலைவர் என்று படிவத்தில் எழுதப்படுபவர் பெரும்பாலும் கணவர். கணவருக்குப் பின் அந்த மூதாட்டி தன் உழைப்பால் எழுந்த வீட்டில் மருமகளின் தயவில் இருக்கும்படி ஆகிவிடக் கூடாது.

வீடு இருக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லாந்தையின் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே தப்பியவர்கள் புதிய வீடுகளைப் பெற ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வாச் சூறாவளி கொணர்ந்த மழையில் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளால் பெருந்துயருற்றது. சரிவு அபாயம் உள்ள இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்த நிலத்தில் சேமிப்பைக் கொண்டு கட்டுவது, உரிமையில்லாத நிலத்தில் கட்டுவதைவிடவும் ஆபத்தானது. இரவில் ஓடக்கூடியவர் இளையவர். முழங்கால் வலியோடு இருப்பவரால் இயலாது.

இந்த இடத்தில் சிங்கப்பூரைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். அங்கும் பிரித்தானியர் காலத்தில், 1955இல், இலங்கையினது போன்ற ஒரு சேமலாப நிதியே தொடங்கப்பட்டது. 1968இல் அந்நிதியைக் கொண்டு வீடமைப்புச் சபையின் வீட்டை வாங்க அனுமதித்தார்கள். 2009இல், ஓய்வுத் தொகையை ஒரே முறையாகக் கொடாமல் ஆயுள் உள்ளவரை மாதந்தோறும் வழங்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதாவது உழைக்கும் வயதிலேயே வீடு. ஓய்வின் பின் மாதப் பணம். இலங்கையிலும் நிதியிலுள்ள தொகையைப் பிணையாகக் காட்டி வீட்டுக்கடன் பெறும் வசதி உண்டு. பத்து ஆண்டு செலுத்தி, குறித்த அளவு மீதி வைத்திருப்பவர் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதத்தை முன்கூட்டியே எடுக்கவும் வழியிருக்கிறது. ஆனால் வீட்டுத் தேவைக்கு என்றால் காணியின் பத்திரம் கேட்பார்கள். பதுளை நகரத்து எழுதுவினைஞருக்கு அது ஒரு தாள். ஸ்பிரிங்வெலித் தோட்டத்துத் தொழிலாளிக்கு அதுவே மலை. வீட்டுக்குப் பணம் எடுக்க உறுதி வேண்டும். உறுதி உள்ள காணியைப் பெறப் பணம் வேண்டும்.

வீட்டு உறுதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கைக்கு வந்த தொகையை மாதப் பணமாக மாற்றுவது குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. மேற்கூறிய 5 இலட்சத்து 67 ஆயிரத்தை வங்கியில் 8 வீத வட்டிக்கு நிலையான வைப்பில் இட்டால் மாதத்துக்கு 3,780 ரூபா வரும். முதல் அப்படியே இருக்கும். வட்டியோடு முதலையும் சிறிது சிறிதாக எடுத்துப் பத்து ஆண்டில் முடியும்படி வகுத்துக்கொண்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 6,880 ரூபா எடுக்கலாம். பத்தாண்டின் முடிவில் ஒன்றும் மிஞ்சாது. அறுபது வயதுக்கு மேற்பட்டோரின் ஓராண்டு வைப்புக்கு, பத்து இலட்சம் ரூபா வரை, வழமையான வட்டிக்கு மேல் 3 வீதம் கூட்டித் தரும் ஏற்பாடு 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. 8 வீதம் 11 வீதமானால் 3,780 என்பது ஏறத்தாழ 5,200 ஆகிறது. ஒரு மூடை மாவுக்கும் சில கிலோ அரிசிக்கும் உள்ள வித்தியாசம் அது. வங்கிக்குச் செல்பவர் வயதைக் காட்டி அதைக் கேட்டுப் பெறுவதற்கு வெட்கப்படவேண்டியதில்லை.

இந்தப் பத்தாண்டுக் கணக்கு காரணமின்றிச் சொல்லப்படவில்லை. தோட்டத்தில் ஓய்வு வயது 60. வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு வழங்கும் கொடுப்பனவோ 70 வயது நிறைந்தவர்க்கே உரியது. 3,000 ரூபாவாக இருந்த அது 2025 ஏப்ரலில் 5,000 ஆக உயர்த்தப்பட்டது. அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையே உள்ள பத்து ஆண்டுகள், சம்பளமும் இல்லாத, முதியோர் கொடுப்பனவும் இல்லாத வெற்றிடம். அந்தப் பள்ளத்தைத் தாண்டும் பாலமாகவே ஓய்வுத் தொகையைக் கருத வேண்டும். குடும்பத்தின் வறுமைநிலைக்கேற்ப 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவி கிடைக்கக் கூடும். விண்ணப்பித்துப் பெயர் வராதவர் மேன்முறையீடு செய்யலாம்.

பெரும்பாலோர் அந்தப் பத்து ஆண்டுகளில் சும்மா இருப்பதுமில்லை. அதே மலையில் கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பார்கள். வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் கிழங்கு தோண்டுவார்கள். பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு மருமகளை வேலைக்கு அனுப்புவார்கள். கடைசியாகச் சொன்ன வேலைக்குச் சம்பளம் இல்லை என்பதால் அது வருமானம் அல்ல என்று நினைப்பது பிழை. மருமகளின் நாட்பெயர் விழுவது அந்தக் கிழவியின் கையால்தான். ஒரு மாடு, இரண்டு ஆடு வைத்திருப்பவர் பாலால் மட்டுமன்றி எருவாலும் சிறிது காசு காண்பர். உடல் இடங்கொடுக்கும் வரையில் இவை யாவும் உதவும். இடங்கொடாத நாள் எப்போது வரும் என்பது ஒருவருக்கும் தெரியாததனால்தான் வைப்புப் பணம் வேண்டும்.

பிள்ளைகள் கைவிட்டால்? 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அறுபது வயது நிறைந்தோரை முதியோர் என்று வரையறுத்து, தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று கூறுகிறது. அதற்கென அமைந்த பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். மகன்மேல் மனுக் கொடுக்கும் தாய் அரியவள். ஆனால் அவ்வாறு ஒரு சட்டம் உண்டு என்பது இருபக்கத்தாருக்கும் தெரிந்திருப்பதே சில வீடுகளில் போதுமானது. தோட்டத்துக்கு வெளியே கடையிலோ வாகனத்திலோ கூலிவேலையிலோ இருக்கும் இளையோர் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தில் இப்போதே சேர்ந்துகொள்ளலாம். பெற்றோருக்கு இல்லாத மாதப் பணம் அவர்களுக்கேனும் வரும்.

ஊவாவிலிருந்து 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தின்படி கப்பலேறியவர்களின் நிலை இதைவிட மேலாயிற்றா என்று கேட்போர் உண்டு. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென நீலகிரியில் தேயிலை பயிரிடப்பட்டு, 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் நிறுவப்பட்டது. அங்கும் குடியிருப்பு கழகத்தினுடையது. முப்பது, நாற்பது ஆண்டுகளின் பின் ஓய்வு பெற்றோர், குடியிருப்பை விட்டு நீங்கினால் எங்கே செல்வது என்று கேட்டு நின்றார்கள். 2022இல் தமிழ்நாடு அரசு அத்தகைய தொழிலாளருக்கும் ஓய்வுபெற்றோருக்கும் வீடு கட்டிக் கொடுக்க முன்வந்து, அவர்கள் செலுத்த வேண்டிய பங்கையும் தானே ஏற்றுக்கொண்டது. கடலைக் கடந்தும் தலைமன்னாரில் விட்டுவந்த அதே கேள்வி அவர்களைத் தொடர்ந்து சென்றிருக்கிறது. கூரையையும் கூலியையும் ஒரே கை கொடுக்கும் இடமெங்கும் அது எழும்.

இறுதியாகச் சில பத்திரங்களைப் பற்றி. தோட்டத்துப் பதிவேட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர், தேசிய அடையாள அட்டையில் மூன்றாவதான ஓர் எழுத்துக்கூட்டல் என்பது மலையகத்தில் மிகச் சாதாரணம். 'முத்தம்மா' ஓர் ஏட்டில் 'முத்தாயி' ஆகியிருப்பாள். தந்தை பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கங்காணியின் பெயர்கூட இருக்கும். வேலை செய்த காலத்தில் இதனால் இடைஞ்சல் இல்லை. நிதியைக் கேட்டு விண்ணப்பிக்கும்போதுதான் ஒருவரே மூவர் அல்லர் என்று நிறுவவேண்டி வருகிறது, மாதங்கள் கழிகின்றன, இடைக்காலத்துக்கு வட்டிக்குக் கடன் வாங்கப்படுகிறது. பழைய தோட்டம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை செய்து பின் கலியாணமாகி வேறு தோட்டம் சென்ற பெண்களுக்கு இரண்டு அங்கத்துவ இலக்கங்கள் இருக்கும்; முதலாவதை மறந்தே போயிருப்பார்கள். அந்த இலக்கத்தின் கீழும் பணம் கிடக்கிறது. நிதியில் பின்னுரித்தாளராகக் குறித்தவர் இறந்திருந்தால் புதியவரைப் பதிய வேண்டும். மடூல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பதுளைத் தொழில் அலுவலகத்துக்கு ஒருமுறை சென்று வருவதற்கு ஒரு நாட்பெயர் போய்விடும்; மூன்று முறை சென்றால் மூன்று பெயர். ஆகவே இத்திருத்தங்களை ஐம்பத்தைந்து வயதிலேயே, தோட்டத்து அலுவலகத்தில் பழைய ஏடுகளை அறிந்த கிளாக்கர் இன்னும் வேலையில் இருக்கும்போதே, முடித்துக்கொள்வது இலகு.